வெளிச்சத்துக்குத் திருப்பிய நாற்காலி

நாற்காலி நேற்று இருந்த மாதிரி இல்லை.

தையல்காரிக்கு இதிலெல்லாம் கண் தப்பாது. ஒரு நூல் கோணினாலும் பிரித்துத் தைக்கிறவள். நேற்று சாயங்காலம் இதே நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்தால் சமையலறைக் கதவின் கைப்பிடி தெரிந்தது. இன்றைக்குக் கைப்பிடியைக் காணோம். கதவின் ஓரமும் அதை ஒட்டி நிற்கும் செம்பருத்தித் தொட்டியும்தான் தெரிந்தன. அவள் கண்ணயர்ந்த நேரத்தில் யாரோ நாற்காலியை அவளோடு சேர்த்து, சத்தமில்லாமல், ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பதே அவளும் அவள் புருஷனும்தான்.

"என்னங்க, நாற்காலிய நகத்துனீங்களா?"

"ஒரே பக்கமா வெளிச்சம் பட்டா நல்லதில்ல," என்றார் அவர், இலைகள் மேல் புஸ் புஸ் என்று தண்ணீர் தெளித்துக்கொண்டே. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள் அவர்.

வீட்டிலேயே சூடான இடம் அந்தக் கண்ணாடி அறைதான். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியமும் கடைசிக் காரியமும் அதைக் கட்டியதுதான். இரட்டைக் கண்ணாடிச் சுவர், சுவரோரம் வெந்நீர்க் குழாய், மேலே ஊதா வெளிச்சம் கொட்டும் விளக்குகள். வெளியே பிற்பகலிலேயே இருட்டி, பனி வேலிக் கம்பிகளை மூடி, மூச்சு விட்டால் மீசையில் உறைகிற ஊரில், உள்ளே மல்லிகையும் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் ஊர் தெரியாமல் பூத்துக்கொண்டிருந்தன. ஈர மண்ணும் பூவும் புழுங்கிய இலையும் கலந்த வாசம் துணியில் ஏறினால் இறங்காது. குழாய்களுக்குள் சூடு ஏறும்போது டக், டக் என்று ஒரு சத்தம். கண்ணாடியில் படிந்த ஈரம் சொட்டாகி, சொட்டு கோடாகி, கோடு ஜன்னல் விளிம்பில் போய்த் தேங்கும். யாரோ வெளியிலிருந்து விரலால் வழித்த மாதிரி இருக்கும்.

"இந்தக் குளிர்ல மல்லிகை வளக்கறதும் ஒண்ணுதான், மீனுக்குச் சட்டை தைக்கறதும் ஒண்ணுதான்," என்று தையல்காரி கேலி பண்ணுவாள். அவர் சிரிக்கமாட்டார். அவருக்கு ஒரே ஒரு வேதம்தான். "குளிர் விழறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சிரணும். வெளிய விட்டது நம்மளோடது இல்ல."

அந்த வேதத்தை இந்த வருஷம் மீறியது அவரேதான்.

முதல் உறைபனி வருகிறது என்று ரேடியோ காலையிலிருந்தே தொண்டை வறளக் கத்தியது. மற்றத் தொட்டிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. பெரிய மல்லிகையை மட்டும், "இன்னும் கொஞ்சம் வெயில் குடிக்கட்டும்," என்று பின்வாசலில் விட்டுவிட்டு டிப்போ நண்பரைப் பார்க்கப் போனவர், பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. செடி கருகியதை வந்து பார்த்தால் மனுஷன் ஒரு வாரம் சாப்பிடமாட்டாரே என்று தையல்காரி வீட்டுச் செருப்போடு வெளியே போய்த் தொட்டியைத் தூக்கினாள். படியில் கண்ணுக்குத் தெரியாத பனி. தொட்டி உடைந்த சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி போட்டவை. முதலில் குளிர்ந்தது. ரொம்பக் குளிர்ந்தது. பிறகு குளிரவில்லை.

கண் விழித்தபோது வெளிச்சமில்லாத அறையில், அவளை ஈரச் சாக்கில் சுற்றிப் படுக்கவைத்திருந்தார் அவர்.

"ஆஸ்பத்திரிக்கு..."

"வேண்டாம். அங்க போனா வெட்டிருவாங்க." அவர் அழுதிருந்தார். "பனில கருகினதை உடனே வெட்டக்கூடாது. உடனே சூட்டுலயும் வெக்கக்கூடாது. மெல்லத்தான் கொண்டு வரணும். வசந்தம் வரட்டும். எதுவரைக்கும் பச்சைன்னு அப்பத்தான் தெரியும்."

மல்லிகையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் மறுபடி தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துக்கொண்ட மாதிரி எந்தப் புருஷனும் பெண்டாட்டியைப் பார்த்திருக்கமாட்டான். காலையில் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடி அறை நாற்காலியில் உட்காரவைப்பார். அவள் கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, இடுப்புவரை கம்பளியைப் போர்த்துவார். கம்பளியை மட்டும் எடுக்க விடமாட்டார். "பாக்காத. பாத்தா மனசு கெட்டுப்போகும்." கல்யாணமான நாளிலிருந்து செடிகளைத்தான் ராசாத்தி, வாடி, போடி என்று கொஞ்சுவார், அவளை "ஏம்மா" என்பதோடு சரி. "என்னைக்காவது என்னை ராசாத்தின்னு கூப்பிட்டிருக்கீங்களா?" என்று அவள் எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறாள்.

இப்போது கூப்பிட்டார். "எப்படி இருக்கடி ராசாத்தி?" முதல் தடவை கேட்டபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. விழுந்ததும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் என்றுகூடத் தோன்றியது. இந்த வயதில் எனக்கு வந்த யோகத்தைப் பார் என்று தனக்குள்ளே சிரித்துக்கொண்டாள்.

தேறி எழுந்தாக வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. ரயிலில் இரண்டு ஊர் தாண்டி இருக்கும் மகளுக்குக் குளிர் முடியும்போது பிரசவம். தலைப்பிரசவம். "நான் பக்கத்துல இருப்பேன் கண்ணு, சத்தியமா," என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காக மடியில் வைத்து ஒரு குட்டிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நடுவிரலில் ஊசி குத்தாமல் இருக்க மாட்டும் பித்தளைத் தொப்பி. அதில் இரண்டு சின்னப் பள்ளம். மகள் பல் முளைக்கிற வயதில் கடித்தது. இந்தப் பேரனோ பேத்தியோ இன்னும் இரண்டு பள்ளம் போடட்டும் என்று ஆசை அவளுக்கு.

நாற்காலி திரும்பிய மறுநாள் இன்னொன்றைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு கீறல். பிறை மாதிரி, நகத்தின் அகலம். வலி இல்லை. எங்கே பட்டது என்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று.

இலை உதிர்ந்து சுள்ளியாக நிற்கும் செடி செத்துவிட்டதா தூங்குகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி உண்டு. கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகக் கீறுவார். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் போய்விட்டது. மகள் நடக்கப் பழகும்போதே அவளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்தக் குட்டிப்பிசாசு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் கையையெல்லாம் கீறிப் பார்த்து, "பச்சை இல்ல," என்று உதட்டைப் பிதுக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த குடும்பம் இது.

தையல்காரிக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"கையில என்னங்க கீறல்?"

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்து, அவள் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "நல்லாத்தான் இருக்கு," என்றார். எது நல்லாயிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

நாள் போகப் போகப் பசி அடங்கியது. அவர் தட்டு வைப்பதையும் நிறுத்திவிட்டார், அவளும் கேட்கவில்லை. தண்ணீரும் குறைந்தது. "குளிர்ல தண்ணி ஜாஸ்தி குடுத்தா அழுகிரும்," என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார். சாயங்காலம் படுக்கைக்குத் தூக்கிப் போவதும் நின்றது. "இங்கயே இருடி. சூடா இருக்கு." விளக்கை அணைத்துவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனால், அவளும் செடிகளும் மட்டும். குழாய் டக், டக். சொட்டு விழும். அப்புறம் அவள் உற்றுக் கேட்டால் இன்னொரு சத்தமும் கேட்கும், கம்பளிக்குக் கீழிருந்து, துணியில் நூல் மெல்ல இழுபடுகிற மாதிரி. எலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். எலி என்றால் ஓடுமே. இது ஓடவில்லை. ஒரே இடத்தில், மெதுவாக, விடாமல் இழுபட்டது.

ஒருநாள் சட்டையின் கழுத்தைத் தைக்கும்போது ஊசி விரல் நுனியில் முழுசாக இறங்கிவிட்டது. அவள் அதை வேடிக்கை பார்த்தாள். ரத்தம் வரவில்லை. ஊசியை உருவியபோது ஒரு சொட்டு வந்தது. தெளிவாக, தண்ணீர் மாதிரி. வாயில் வைத்துப் பார்த்தாள். லேசான கசப்பு.

தொப்பியைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. விரல் தடித்து, கறுத்து, பித்தளையை இறுகப் பிடித்திருந்தது.

மகளிடம் சொல்லிவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறவரை காத்திருந்தாள். அவர் போனை அவள் காதோரம் பிடித்தார்.

"அம்மா! எப்படிம்மா இருக்க? கால் வலி தேவலையா?"

"கண்ணு, என்னை வந்து கூட்டிட்டுப் போ. இங்க எனக்கு என்னமோ ஆகுது. உங்கப்பா..."

"அம்மா? ஹலோ? அப்பா, ஒண்ணும் கேக்கலயே. காத்து அடிக்கற மாதிரி இருக்கு."

"கண்ணு! நான்தான் பேசறேன்!"

"சும்மா சரசரன்னுதான்ப்பா கேக்குது. லைன் சரியில்ல போல."

அவர் போனைத் தன் காதுக்கு எடுத்துக்கொண்டார். "ஆமாம்மா, பனிக் காலம்ல. அம்மா தூங்கறா. அப்புறம் பேசு." பிறகு தையல்காரியின் தலையைத் தடவினார். கையோடு என்னமோ வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். முடியா, இலையா, அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினாள். எழுந்துவிடவேண்டும். தவழ்ந்தாவது வாசலுக்குப் போகவேண்டும். அவர் கடைக்குப் போன நேரம். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து உந்தினாள். உடம்பு முன்னால் சாய்ந்தது. கால் வரவில்லை. மறுபடி உந்தினாள். மடியிலிருந்த கத்தரிக்கோல் நழுவி, கம்பளியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

கம்பளி சரிந்தது.

வெந்நீர்த் தொட்டி இல்லை. எப்போதோ மாற்றிவிட்டிருந்தார். மல்லிகைக்கு வாங்கிய பெரிய கறுப்புத் தொட்டி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மண். கையால் அழுத்தி அழுத்திச் சமன் செய்த, நல்ல, ஈரமான மண். அவர் விரல் தடம் அதில் பதிந்திருந்தது.

தொட்டியின் அடி ஓட்டைகள் வழியாக, வெளுத்து, நூல் நூலாக, தரையைத் தேடி.

கத்தினாள். குழாய் டக் என்றது. வேறொரு சத்தமும் வரவில்லை.

அவர் திரும்பி வந்து கம்பளியைப் பார்த்தார். கோபிக்கவில்லை. உட்கார்ந்து, தலையைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துக்கொண்டு, ரொம்ப நேரம் அழுதார். "நான்தான்டி வெளிய விட்டேன். என் பேராசை. இனிமே யாரையும் வெளிய விடமாட்டேன். சத்தியமா." அவள்மேல் அவருக்கு இருந்த பிரியம் அத்தனையும் அந்த அழுகையில் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பிறகு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாற்காலி திரும்பியது. திரும்பியது. சட்டை ஒரு கை தைக்காமல் மடியிலிருந்து எப்போதோ காணாமல் போனது. கூரையிலிருந்து பனி சறுக்கி விழும் சத்தம் ஒருநாள் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியது. அவளுக்குள்ளே எங்கேயோ, நெஞ்சுக்கு மேலே, தொண்டைக்குக் கீழே, எதுவோ திரண்டு முட்டியது. சொல்லாமல் விட்ட வார்த்தை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த மாதிரி ஒரு கனம்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

"அப்பா!"

மகள். குரல் கூடத்தில் கேட்டது. தையல்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்திலிருந்த செம்பருத்தி இலைகூட ஆடியது.

"இந்த நிலைமைல எதுக்கும்மா வந்த? மாப்பிள்ளை எப்படி விட்டாரு?"

"சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க அம்மாகிட்ட போனையே குடுக்க மாட்டேங்கறீங்க. அம்மா எங்க?"

"மேல தூங்கறா. ராத்திரியெல்லாம் கால் வலி. இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்பாதம்மா. முதல்ல உள்ள வந்து உக்காரு. எப்படி நடுங்கற பாரு."

பொய் சொன்ன அவர் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பொய் என்றே அவருக்குத் தெரியாதோ என்னவோ.

கண்ணாடிக் கதவு திறந்தது. மகள் உள்ளே வந்தாள். வயிறு முன்னால் வந்தது, பின்னாலேயே அவள். முகம் உப்பி, மூக்கு சிவந்து, அழகாக இருந்தாள். தையல்காரி அவளை நேராகப் பார்த்தாள். மகளும் நேராகப் பார்த்தாள்.

"அட, இது என்னப்பா புதுசா? நாற்காலில கட்டி நிறுத்தியிருக்கீங்க?"

அவர் முக்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். "உக்காரு. கால் எப்படி வீங்கியிருக்கு பாரு. வெந்நீர் கொண்டு வரேன், கொஞ்ச நேரம் வை."

"அப்பான்னா அப்பாதான்," என்று மகள் பெருமூச்சோடு உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள்.

அவர் தொட்டியைக் கொண்டுவந்தார். தண்ணீரில் ஆவி பறந்தது. அந்த ஆவியோடு ஒரு வாசமும் வந்தது. லேசான கசப்பு. கிளையை வெட்டி மண்ணில் ஊன்றுமுன் வேர் பிடிக்க நுனியில் தொட்டு வைப்பாரே, அந்தப் பொடியின் வாசம். தையல்காரிக்கு அந்த வாசம் தெரியும். முதல் நாளிலிருந்து அவள் கம்பளிக்குக் கீழே இருந்த வாசம்.

வைக்காதே. கண்ணு. வைக்காதே.

மகள் காலை வைத்தாள். "அப்பாடா. சொர்க்கம்."

எழுந்திரு. ஓடு.

தையல்காரி இருந்த பலமெல்லாம் திரட்டினாள். குளிர்காலம் பூராவும் சேர்த்தது. நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்ததை மேலே தள்ளினாள். தள்ளினாள். அது தொண்டைக்கு வந்தது. வாய்க்கு வந்தது. திறந்தது.

"அப்பா! இங்க பாருங்க, பூக்குது! கண்ணு முன்னாடியே பூக்குது!" மகள் முக்காலியோடு நெருங்கி வந்து, முகத்தை வைத்து மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "என்ன வாசம்! அம்மா மாதிரி இருக்குப்பா."

அவள் மூச்சு தையல்காரியின் முகத்தில் பட்டது. சூடாக.

"ஆனா நுனியெல்லாம் கருகிக் கிடக்கே. ஏன் இன்னும் வெட்டல?"

"எனக்கு மனசு வரலம்மா," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து செடி வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினார். "உன் கை ராசியான கை. நீ வெட்டினது எதுதான் தழைக்காம போச்சு?"

மகள் சின்ன வயசுப் பழக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் கீறினாள். மணிக்கட்டில். "பச்சைதான்." கொஞ்சம் மேலே, உள்ளங்கையில். "பச்சை." விரலின் அடியில். நகம் நின்றது. "ம், இங்கிருந்து போயிருச்சு."

கத்தரியின் வாய் நடுவிரலைச் சுற்றி உட்கார்ந்தது. ஜில்லென்று இருந்தது. குளிர்காலம் முழுக்க மரத்துக் கிடந்த இடத்தில் அந்த ஜில்லிப்பு மட்டும் தெரிந்தது. மகள் ஏதோ முணுமுணுவென்று பாடினாள். குழந்தைக்குப் பாடிப் பழகுகிறாள் போல.

கடக்.

வலித்தது. எல்லாம் வலித்தது.

தரையில் டிங் என்று ஒரு சத்தம்.

"என்னது?" மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, விழுந்ததை எடுத்தாள். கருகின சுள்ளியின் நுனியில் இறுக மாட்டியிருந்த பித்தளைத் தொப்பி. திருப்பினாள். ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளம். அதன்மேல் அவள் விரல் நின்றது. பாட்டு நின்றது. குழாய் டக் என்றது.

மெல்ல நிமிர்ந்தாள். பூவைப் பார்க்கவில்லை. பூவுக்கு மேலே, கண் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள்.

"அப்பா... இது அம்மாவோட..."

எழுந்துகொள்ளப் பார்த்தாள். இடுப்பு அசைந்தது. தொட்டியில் தண்ணீர் தளும்பியது. கால் வரவில்லை.

"அசையாதம்மா," என்றார் அவர், பின்னால் வந்து அவள் தோளைத் தடவிக்கொண்டே. "வெளிய இன்னும் குளிர் விடல." கம்பளியை உதறி அவள் மடியில் போர்த்தி, ஓரங்களைப் பதமாகச் செருகினார். பிறகு முக்காலியை இரண்டு கையாலும் பிடித்து, அவளோடு சேர்த்து, சத்தமில்லாமல், ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார்.

"இப்படி உக்காருடி ராசாத்தி. வெளிச்சம் படட்டும்."